வந்தோர்க்கு ஆசனம், இருந்தோர்க்கு வாசல்

கலைஞர் ஒருவரை ஓர் ஊருக்கு வரவழைத்து, உணவும் உறையுளும் உதவுதொகையும் அளித்துச் சில காலம் அங்கே தங்கச்செய்யும் முறை இற்றைநாளிற் பெரிதும் பாராட்டப்படுகின்றது. 'வதிவிடக் கலைஞர்' என்ற பெயர் அவருக்குச் சூட்டப்படுகின்றது. தங்கும் காலம் முடிந்ததும் கண்காட்சி ஒன்றோ அரங்க நிகழ்வு ஒன்றோ நடைபெறும். ஊர்ப் பெரியவர் ஒருவர் பொன்னாடை போர்த்துவார். விருந்தினர் விடைபெறுவார். மறுநாள் அவ்வூர் முன்னிருந்தபடியே இருக்கும். இம்முறையைப் புதியதென்றும் முற்போக்கானதென்றும் புகழ்வோர் ஒரு வினாவை மட்டும் எழுப்புவதில்லை. விருந்தினர் சென்றபின் ஊரில் எஞ்சியது யாது? கண்காட்சிக்கு வந்தோர் தொகையும் செய்தித்தாளில் வந்த குறிப்பும் இவ்வினாவுக்கு விடையாகா. இதனை எழுப்பிப் பார்ப்பதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டில் இணுவிலைக் காட்டிலும் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது.

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதிவழியே வடக்கு நோக்கிச் செல்வோர் கொக்குவிலையும் தாவடியையும் கடந்து இணுவிலை அடைவர். செம்மண்ணும் கிணற்றுப் பாசனமும் புகையிலைத் தோட்டங்களும் அவ்வூரின் பொருளாதாரத்தை வளர்த்தன. பரராசசேகரப் பிள்ளையார் கோயிலும் சிவகாமி அம்மன் கோயிலும் கந்தசுவாமி கோயிலும் அதன் பண்பாட்டை வளர்த்தன. ஒல்லாந்தர் காலத்தில் வாழ்ந்த சின்னத்தம்பிப் புலவர் 'பஞ்சவன்னத் தூது', 'நொண்டி நாடகம்' முதலியவற்றை இயற்றியது இவ்வூரிலேயே. பெரிய சன்னியாசியாரின் முயற்சியால் எழுந்த கந்தசுவாமி கோயிற் பெருமஞ்சம் மரச்சிற்பக் கலையின் அரிய சான்றாக இன்றும் நிற்கின்றது. இவை யாவற்றினும் மேலாக, தவிலும் நாதஸ்வரமும் தலைமுறை தலைமுறையாகப் பயிலப்பட்ட ஊர் என்பதே இணுவிலின் பெரும்புகழ். ஆகவே கலை இவ்வூருக்குப் புறத்தேயிருந்து கொண்டுவந்து இறக்கப்படவேண்டிய பொருளன்று. இவ்வுண்மையை மறந்தே வதிவிடம் பற்றிய இற்றைநாட் பேச்சுப் பெரும்பாலும் தொடங்குகின்றது.

உண்மையை நோக்குமிடத்து, வெளியூர்க் கலைஞர் வந்து தங்குவது குடாநாட்டுக்குப் புதியதன்று. கோயில் திருவிழாக்களுக்குத் தமிழகத்திலிருந்து, சிறப்பாகத் தஞ்சை மண்ணிலிருந்து, நாதஸ்வர, தவில் வித்துவான்களை வரவழைப்பது நெடுநாள் வழக்கம். தத்தம் உபயம் பிறருடையதைவிடச் சிறக்கவேண்டும் என்ற போட்டியில் உபயகாரர்கள் பொருளை வாரியிறைத்தனர். வந்தோர் திருவிழாக்காலம் முழுவதும் தங்கினர். ஒரு கோயிலிலிருந்து மறு கோயிலுக்குச் சென்றனர். சிலர் குடும்பத்தோடு இங்கேயே நிலைத்துவிட்டனர். இணுவில், அளவெட்டி முதலிய ஊர்களிலே தழைத்த இசைவேளாளர் மரபுக்கு இத்தகைய வருகையும் குடியேற்றமும் உரமாயின. 'வதிவிடம்' என்ற சொல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்னரே அதன் பொருள் இங்கே வழக்கிலிருந்தது.

அப்பழைய முறையில் இரண்டு இயல்புகள் இருந்தன. முதலாவது, வந்தவர் தனியாக வைக்கப்படவில்லை. தஞ்சை நாதஸ்வரத்துக்கு இணுவில் தவில் வாசித்தது. உள்ளூர்த் தவிலும் வெளியூர்த் தவிலும் ஒரே வீதியில் எதிரெதிரே நின்று சமா வைத்தன. மேளச்சமா விடியும்வரை நீடிக்கும். இரவு முழுவதும் மணலில் அமர்ந்திருந்த கமக்காரரும் சுருட்டுத் தொழிலாளரும் தாளக்கணக்கு எங்கே பிசகிற்று என்பதை அறிந்திருந்தனர். அவர்களுடைய தீர்ப்புக்கு வந்தவரும் உட்பட்டார், இருந்தவரும் உட்பட்டார். இரண்டாவது, வந்தவரிடம் ஊர் கற்றுக்கொண்டது. வித்துவானின் இருப்பிடத்துக்கு மாணவன் சென்றான். அல்லது அவரைப் பின்தொடர்ந்து கடல் கடந்தான். குருவின் வீட்டிலே தங்கி, ஏவல் செய்து, வைகறையிற் சாதகம் பண்ணிக் கற்கும் குருகுலவாசமே வதிவிடத்தின் தமிழ் வடிவம். அங்கே தங்குபவர் கலைஞர் அல்லர், மாணவர். இவ்வேறுபாடு சிறிதன்று.

இணுவில் விசுவலிங்கத்தின் மகன் தட்சணாமூர்த்தியின் வாழ்க்கை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1933இல் பிறந்த அவர் தந்தையின் தவிலோசை கேட்டு வளர்ந்தார், உள்ளூரிற் பயின்றார், பின்னர் தமிழகம் சென்று நாச்சியார்கோயில் இராகவபிள்ளையிடமும் கற்றார். ஒரு தலைமுறைக்கு முன் தஞ்சையிலிருந்து வந்த கலை, இணுவிலிலே முளைத்து, மீண்டும் தஞ்சைக்கே சென்று அங்குள்ளோரை வியக்கவைத்தது. தமிழகத்தின் முன்னணி நாதஸ்வர வித்துவான்கள் அவருடைய தவிலை விரும்பி அழைத்தனர். பிற்காலத்தில் அளவெட்டியில் வாழ்ந்த அவர் 'யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி' எனவே அறியப்பட்டார். விருந்தாக வந்த கலையை ஓர் ஊர் எவ்வாறு தன்னுடையதாக்கிக் கொள்ளலாம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை. எனினும் இதனைப் பொற்காலம் என்று கொண்டாடுவது தவறாகும். அதே தவில் வித்துவான் கோயில் வீதியிலே தலைவணங்கப்பட்டார்; வீதியை விட்டகன்றதும் சாதியின் பெயராலே ஒதுக்கப்பட்டார். வாசிப்பை வியந்த அதே வாய் அவருக்கு இருக்கை கொடுக்கத் தயங்கியது. பொன்னாடையும் பதக்கமும் கிடைத்தன, சமத்துவம் கிடைக்கவில்லை. உபயகாரரின் தாராளம் கலைமீது கொண்ட காதலிலிருந்து எந்தளவு பிறந்ததோ, அந்தளவு தம் செல்வத்தைப் பறைசாற்றும் ஆசையிலிருந்தும் பிறந்தது. இந்தக் குறையை நீக்குவதற்கு ஒரு நவீன நிறுவனம் தேவைப்பட்டது. அந்நிறுவனம் இணுவிலின் வட எல்லையை அடுத்த மருதனார்மடத்திலே தோன்றவும் செய்தது.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்திலே பெண்களுக்கெனக் கல்லூரி ஒன்றை நிறுவினார். அவருடைய மருகரான சு. நடேசபிள்ளை 1960இல் அங்கே இராமநாதன் பெயரால் இசைக்கழகம் ஒன்றைத் தோற்றுவித்தார். நடேசபிள்ளை தாமே தஞ்சை மண்ணிலிருந்து வந்தவர். வந்தவர் இங்கேயே நிலைத்து, பரமேஸ்வராக் கல்லூரி அதிபராகவும் நாட்டின் அமைச்சராகவும் உயர்ந்தவர். 'சகுந்தலை வெண்பா' பாடிய புலவர். அவருடைய அழைப்பினை ஏற்றுத் தமிழகத்து இசைவாணர்கள் மருதனார்மடத்துக்கு வந்தனர். மகாராஜபுரம் விசுவநாத ஐயரின் மகனும் பிற்காலத்திற் பெரும்புகழ் எய்தியவருமான மகாராஜபுரம் சந்தானம் 1960களில் அக்கழகத்தின் அதிபராகப் பணியாற்றினார். வதிவிடக் கலைஞர் என்ற சொல்லுக்கு முழுமையாகப் பொருந்துவதும் குடாநாட்டின் ஊர்ப்புறத்தில் நடந்ததுமான உண்மை நிகழ்ச்சி இதுவே.

சந்தானம் போன்றோரின் வருகையாற் கிடைத்த பயனை மறுப்பது நன்றிகேடு. அவர்கள் மூன்று கிழமை தங்கிச் சென்றவர்கள் அல்லர். ஆண்டுக்கணக்காக இருந்து பாடங்கற்பித்தனர். அவர்களிடம் பயின்றோர் ஆசிரியராகித் தீவு முழுவதிலும் உள்ள பாடசாலைகளுக்குச் சென்றனர். நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் இசையைத் தொழிலாகக் கொள்ளலாம் என்ற துணிவு இக்கழகத்தால் வலுப்பெற்றது. ஆகவே குற்றச்சாட்டு வந்தவர்மீது அன்று. வரவழைத்தவர் எவற்றுக்கு ஆசனம் இட்டனர், எவற்றுக்கு இடவில்லை என்பதே கேள்வி. வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் என்பன பாடத்துறைகளாக நிலைபெற்றன. தவிலும் நாதஸ்வரமும் அவற்றோடு ஒத்த வரிசையில் அமர்த்தப்படவில்லை. கழகத்தின் மதிலுக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில், தஞ்சையே மதித்த தவில் மரபு ஒன்று உயிரோடு இருந்தது. மதிலுக்குள்ளே அதன் பெயர் பாடத்திட்டத்தில் இல்லை.

1975ஆம் ஆண்டு இவ்வரலாற்றிலே இருமுறை எழுதப்படவேண்டிய ஆண்டு. அவ்வாண்டிலேதான் இராமநாதன் இசைக்கழகம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்துடன் இணைக்கப்பட்டு உயர்கல்வியின் பகுதியாயிற்று. அவ்வாண்டிலேதான் தட்சணாமூர்த்தி நாற்பத்திரண்டு வயதும் நிறையாமல் மறைந்தார். பல்கலைக்கழகத்தின் கதவு இசைக்குத் திறந்த ஆண்டும், அம்மண்ணின் தலைசிறந்த இசைக்கலைஞர் அதற்குள் நுழையாமலே போன ஆண்டும் ஒன்றே. இதனை வெறும் தற்செயல் என்று கடந்துவிடலாம். ஆனால் அவர் இன்னும் இருபது ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் அக்கதவு அவருக்குத் திறந்திருக்குமா என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். பட்டம் எங்கே, சான்றிதழ் எங்கே என்ற வினாக்களே வாசலில் அவரை வரவேற்றிருக்கும்.

மிருதங்கத்துக்குக் கிடைத்த ஆசனம் தவிலுக்கு ஏன் கிடைக்கவில்லை? இரண்டும் தாளக்கருவிகள். இரண்டின் கணக்கு வழக்குக்கும் அடிப்படை ஒன்றே. தவிலின் கோர்வைகள் மிருதங்கத்தினதைவிட எளியன என்று தாளமறிந்த எவரும் சொல்லார். வேறுபாடு கருவியில் இல்லை. கருவி இருந்த இடத்தில் இருக்கின்றது. மிருதங்கம் சபாவின் கருவி. தவில் கோயில் வீதியின் கருவி. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே சென்னையில் உருவான சபா மரபு, கர்நாடக இசையை நகர்ப்புற மத்தியதர வர்க்கத்தின் சொத்தாக்கிற்று. எது 'சாஸ்திரீயம்', எது 'கோயில் மேளம்' என்ற எல்லைக்கோட்டையும் அதுவே வரைந்தது. யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கம் அந்த எல்லைக்கோட்டை அப்படியே பெயர்த்தெடுத்துத் தன் மண்ணில் நட்டது. விருந்தினரோடு அவருடைய இசை மட்டும் வரவில்லை. எதனை இசையென்று மதிக்கலாம் என்ற அளவுகோலும் வந்தது. அந்த அளவுகோல் ஏற்கெனவே இங்கிருந்த சாதி உணர்வோடு மிக எளிதாகப் பொருந்திற்று. அதனாலேயே எவரும் அதனை ஐயுறவில்லை.

இன்றைய நிலைக்கு வரலாம். 2009இல் போர் முடிந்தபின் வடபுலத்தை நோக்கிக் கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் கலைஞர் பலர் வந்தனர். வதிவிடம் என்ற சொல்லும் அவர்களோடு வந்து சேர்ந்தது. இச்சொல்லின் பின்னே மேலைநாட்டு வரலாறு ஒன்று உண்டு. பிரான்சின் பதினான்காம் லூயி மன்னன் காலத்தில், 1666இல், உரோமாபுரியிலே பிரெஞ்சுக் கலைக்கழகம் நிறுவப்பட்டது. பரிசு பெற்ற இளங்கலைஞர்கள் அங்கே சில ஆண்டுகள் தங்கிப் பழைய சிற்பங்களையும் ஓவியங்களையும் பார்த்துப் பயின்றனர். உரோமாபுரி அவர்களுக்கு ஆசான், அவர்கள் மாணவர். 1907இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள பீற்றர்பரோ என்னும் சிற்றூரில் மக்டவல் கலைஞர் குடியிருப்பு தொடங்கப்பட்டது. அங்கே கலைஞர் ஒவ்வொருவருக்கும் காட்டினிடையே தனிக்குடில் உண்டு. அவருடைய தனிமை கலையாதிருக்க, நண்பகல் உணவுக்கூடை குடிலின் வாசலில் வைக்கப்படும். சிற்றூர் அங்கே அமைதிக்கு மறுபெயர். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

உரோமாபுரியில் இருந்த பணிவும் பீற்றர்பரோவில் இருந்த தனிமையும் தத்தம் சூழலில் நியாயமானவை. அவ்விரண்டையும் ஒருங்கே இழந்த வடிவம் ஒன்றே குடாநாட்டை வந்தடையும் ஆபத்து இருக்கின்றது. வருபவர் கற்கவும் வருவதில்லை. ஒதுங்கியிருந்து தம் பணியைச் செய்யவும் வருவதில்லை. ஊரை மூலப்பொருளாகக் கொள்ள வருகின்றார். இடிந்த வீடு, கைவிடப்பட்ட கிணறு, பனந்தோப்பு, முதியவள் ஒருத்தியின் முகம் ஆகியவை படமாகவும் நிறுவற்கலையாகவும் மாறி நகரத்துக் கூடங்களுக்குச் செல்கின்றன. அவற்றைப் பார்த்துப் பாராட்டுவோர் அம்முதியவளின் பெயரைக் கேட்பதில்லை. தோட்டத்திலிருந்து புகையிலையை வாங்கிச் சென்றவர்கூட விலை பேசி வாங்கினார். துயரத்தை எடுத்துச் செல்பவர் விலையும் பேசுவதில்லை. வருவோர் அனைவரும் இத்தகையோர் என்பதன்று கருத்து. வரவழைக்கும் முறை இத்தகையோருக்கே இசைவாக அமைந்திருக்கின்றது என்பதே கருத்து. மூன்று கிழமையில் ஒரு மொழியைக் கேட்கவும் முடியாது, ஒரு தாளத்தைப் பயிலவும் முடியாது. மூன்று கிழமையிற் செய்யக்கூடியது படமெடுத்தல் ஒன்றே.

இணுவில் இதனோடு ஒப்பிடத்தக்க வேறொரு வருகையையும் கண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மிஷன் இவ்வூரிலே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென மருத்துவமனை ஒன்றை அமைத்தது. கடல் கடந்து வந்த பெண் மருத்துவர்கள் அங்கே பணியாற்றினர். அவர்களுடைய சமய நோக்கம் பற்றிய விமர்சனம் வேறு, அது நிற்க. வந்தவர்கள் ஆண்டுக்கணக்காகத் தங்கினர். உள்ளூர்ப் பெண்கள் அவர்களிடம் தாதியராகப் பயின்றனர். அவர்கள் சென்ற பின்னும் ஊரார் அதனை மகப்பேற்று மருத்துவமனை என்றே வழங்கினர். மருத்துவர் ஒருவரை மூன்று கிழமைக்கு அழைத்து, நோயாளரைப் பார்த்து உள்ளக்கிளர்ச்சி பெற்றுச் செல்லுமாறு எந்த ஊராவது சொல்லுமா? மருத்துவத்துக்கு விதிக்கும் நிபந்தனையைக் கலைக்கு விதிக்காமை கலையை உயர்த்துவதாகாது. கலை உண்மையில் எவருக்கும் தேவைப்படாத பொருள் என்ற இரகசிய எண்ணத்தையே அது வெளிப்படுத்துகின்றது.

இதற்கு எதிராக மூன்று வாதங்கள் கூறப்படுவதுண்டு. உள்ளூரார் பழகிப்போனதனாற் காணாததை வெளியார் காண்பர் என்பது முதல் வாதம். இதில் உண்மை உண்டு. தட்சணாமூர்த்தி மறைந்து நாற்பது ஆண்டுகள் கழிந்தபின் அவரைப் பற்றிய ஆவணப்படத்தைத் தமிழகத்து இயக்குநர் அம்ஷன் குமார் உருவாக்கினார்; 2015ஆம் ஆண்டுக்கான இந்திய தேசியத் திரைப்பட விருது அதற்குக் கிடைத்தது. வெளியார் ஒருவரின் கண் இங்கே நற்பணி செய்தது. ஆனால் அது நற்பணியானதன் காரணத்தை நோக்குதல் வேண்டும். அப்படம் ஊரின் கலைஞரைப் பொருளாகக் கொண்டு, அவரை அறிந்தோரின் குரல்களைக் கேட்டது. பார்வை வெளியிலிருந்து வந்தது. பெருமை உள்ளூர்க் கலைஞருக்குச் சென்றது. இந்த அளவுகோலை ஏனைய வருகைகளுக்கும் பொருத்திப் பார்த்தால் எத்தனை தேறும் என்பதை வாசகரே கணித்துக்கொள்ளலாம்.

கற்பித்தல், ஊர்ப்பணி முதலிய கடமைகளைச் சுமத்தினாற் கலைஞரின் சுதந்திரம் பறிபோகும் என்பது இரண்டாவது வாதம். இவ்வாதத்துக்கு இணுவிலே விடை தந்திருக்கின்றது. இவ்வூரில் 1931இல் பிறந்த ந. வீரமணி ஐயர் சென்னை சென்று கலாக்ஷேத்திராவில் ருக்மிணி தேவியின் கீழ் நடனம் பயின்றார். மயிலைக் கற்பகாம்பாள்மீது அவர் இயற்றிய 'கற்பகவல்லி' என்னும் இராகமாலிகை டி. எம். சௌந்தரராஜன் குரலில் தமிழுலகம் எங்கும் பரவிற்று. சென்னையிலே தங்கிப் புகழை வளர்த்துக்கொள்ளும் வாய்ப்பு அவருக்கு இல்லாமலில்லை. அவர் ஊருக்குத் திரும்பினார். கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் விரிவுரையாளரானார். கலாசாலையில் அவரிடம் பயின்ற ஆசிரியர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பாடசாலைக்குச் சென்றனர். கீர்த்தனைகளும் நாட்டிய நாடகங்களும் அவர் கையிலிருந்து இடையறாது வந்தன. 2003இல் அவர் மறையும்வரை அது நிற்கவில்லை. கற்பித்தல் அவருடைய ஆக்கத்தைக் குறைத்ததா, பெருக்கிற்றா? கடமை கலையைக் கொல்லும் என்போர் கடமையே இல்லாத மூன்று கிழமையிற் பிறந்த கலை ஒன்றை இதனோடு ஒப்பிட்டுக் காட்டட்டும்.

உள்ளூர் மரபுக் கலைஞர் பல்கலைக்கழகச் சூழலுக்குப் பொருந்தார், அவருக்கு முறைசார்ந்த கல்வி இல்லை என்பது மூன்றாவது வாதம். இதனை வெளிப்படையாக எவரும் எழுதுவதில்லை. நியமன விதிகளே இதனை மௌனமாகச் சொல்லிவிடுகின்றன. இவ்வாதத்துக்கான மறுப்பு பேராதனையிலே 1960களில் நடந்தேறியது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பின் வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியாரைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துவந்தார். கிராமத்து வட்டக்களரியில் ஆடிய கூத்தை மாணவர்கள் அவரிடம் பயின்றனர். 1962இல் 'கர்ணன் போர்' மேடையேறிற்று. 1964இல் 'இராவணேசன்' வந்தது. ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றிலே அது திருப்புமுனை எனப் போற்றப்படுகின்றது. அங்கே வதிவிடத்தின் திசை தலைகீழாயிற்று. நகரத்துக் கலைஞர் கிராமத்துக்குச் செல்லவில்லை. கிராமத்து ஆசான் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். பட்டதாரி மாணவர் அவர் முன் தாளம் தவறி நின்றனர், அவர் திருத்தினார். முறைசார்ந்த கல்வி யாருக்கு இல்லை என்பது அப்போது தெளிவாயிற்று.

எனினும் அம்முயற்சி தொடர்ந்து வளர்ந்து, அண்ணாவியாருக்கென நிலையான பதவி ஒன்றாகப் பல்கலைக்கழக அமைப்பிலே வேரூன்றவில்லை. நாடகம் வெற்றிபெற்றது, முறைமை மாறவில்லை. அதே வித்தியானந்தன் 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். பேராசிரியர் ஒருவரின் ஆர்வம் திறந்த கதவு, அந்த ஆர்வத்தை விதியாக்கும் வலிமை நிறுவனத்துக்கு இல்லாமையால், ஆளோடு ஆளாக மூடிக்கொள்ளும் என்பதே இதன் பாடம். தனிமனிதரின் பெருந்தன்மையை நம்பியிருப்பது உபயகாரரை நம்பியிருப்பதன் மறுவடிவமே. உபயம் ஆண்டுக்கு ஒருமுறை வரும். உரிமை நாள்தோறும் இருக்கும்.

ஆகவே வருகைதரு கலைஞர் வேண்டாம் என்பது இக்கட்டுரையின் முடிபன்று. கதவை அடைத்துக்கொண்ட ஊரில் தட்சணாமூர்த்தி பிறந்திருக்க முடியாது. வருகைக்கு நிபந்தனை வேண்டும் என்பதே முடிபு. வருபவருக்கு அளிக்கப்படும் உதவுதொகையோடு ஒத்த தொகை, அவரோடு இணைந்து பணியாற்றும் உள்ளூர்க் கலைஞருக்கும் அளிக்கப்படல் வேண்டும். ஒருவருக்கு ஊதியமும் மற்றவருக்குப் பொன்னாடையும் என்ற வழக்கு ஒழிதல் வேண்டும். வருபவர் ஒரு திருவிழாக்காலமாவது, இயலுமாயின் ஓராண்டாவது, தங்குதல் வேண்டும்; தாம் அறிந்ததை ஒருவருக்கேனும் கற்பித்து, தாம் அறியாததை ஒருவரிடமேனும் கற்றல் வேண்டும். ஊரிற் பதிவுசெய்த ஒலியும் படமும் ஊருக்கே ஒரு பிரதியாக வந்து சேர்தல் வேண்டும். பரராசசேகரப் பிள்ளையார் கோயில் வீதியிலே பதிவான தவிலைக் கேட்க இணுவிற் சிறுவன் வெளிநாட்டு நூலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டிய நிலை தோன்றலாகாது.

இவற்றினும் முதன்மையானது ஒன்று உண்டு. அது பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கின்றது. வதிவிடக் கலைஞர் என்ற பதவியை முதலில் உள்ளூர் மரபுக் கலைஞருக்கு உருவாக்குதல் வேண்டும். மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடும் வருகை விரிவுரையாக அது அமைதலாகாது. தவில் வித்துவான், நாதஸ்வர வித்துவான், கூத்து அண்ணாவியார், மஞ்சமும் தேரும் செதுக்கும் ஆசாரியார் ஆகியோருக்கு மதிப்புக்குரிய ஊதியமும் மாணவரும் இடமும் அளிக்கும் பதவியாக அது அமைதல் வேண்டும். பட்டச் சான்றிதழுக்குப் பதிலாக அவர்களுடைய கையும் செவியும் சான்றாகக் கொள்ளப்படல் வேண்டும். இணுவிற் பெருமஞ்சத்தைச் செய்வித்த துறவியின் பெயரை ஊர் நன்றியோடு சொல்கின்றது. அதனைச் செதுக்கிய கைகளின் பெயரை எத்தனை பேர் சொல்வர்? இன்று வாழும் கைகளுக்கும் அதே மறதி நேராமற் காப்பது உயர்கல்வி நிறுவனத்தின் கடமையல்லாமல் வேறு யாருடைய கடமை?

காலம் காத்திருக்கப் போவதில்லை. போரும் புலப்பெயர்வும் குடாநாட்டுக் கலைக்குடும்பங்கள் பலவற்றை உலகெங்கும் சிதறச் செய்தன. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் உள்ள கோயில்கள் இங்கிருந்து வித்துவான்களை அழைக்கின்றன. அங்கே இணுவில், அளவெட்டிக் கலைஞர்களே விருந்தினர். அவர்களுக்கே விமானச் சீட்டும் விடுதியும். அதிற் குறைகூற ஒன்றுமில்லை. ஆனால் ஊரிலே ஆசனம் இல்லாத கலைஞர் வெளியூர் விருந்தினராகவே வாழ்வை அமைத்துக்கொள்வார். அவருடைய பிள்ளை தவிலை விட்டு வேறு தொழிலை நாடுவான். பிறகு ஒருநாள், அழிந்துபோன தவில் மரபைப் பற்றிக் கலைப்படைப்பு ஒன்றை உருவாக்கவென்று, உதவுதொகையோடு வெளியூர்க் கலைஞர் ஒருவர் இணுவிலுக்கு வந்து சேர்வார். அவருக்கும் பொன்னாடை தயாராக இருக்கும்.

அந்நாள் வராமற் காப்பதற்குப் பெருஞ்செல்வமோ புதிய கட்டடமோ வேண்டியதில்லை. மருதனார்மடத்திலிருந்து இணுவிலுக்கு நடந்தே செல்லலாம். 1960இல் தஞ்சை வரையும் சென்று அழைக்கத் தெரிந்த கழகத்துக்கு, அடுத்த ஊரின் படலையைத் திறந்து ஒருவரை அழைத்துவந்து ஆசனத்தில் இருத்துவது இயலாததன்று. இதுவரை அது நிகழாமைக்குத் தூரம் காரணமன்று.